எண் பொருந்தினால் உண்மையாகுமா?

எண்ணுக்கு ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு. ஒருவன் பிறந்த தேதியைக் கூட்டி, அவன் பெயரிலுள்ள எழுத்துகளுக்கு இலக்கமிட்டுக் கூட்டி, இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால், ஏதோ பெரிய மறைபொருள் வெளிப்பட்டதாகக் கருதி மெய்ம்மறப்போர் நம்மிடையே பலர். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொண்டால் வாழ்வு வளம்பெறும் என்று சொல்லிப் பணம் பறிப்போரும் பலர். அறிவுடையோர் இவர்களைக் கண்டு நகைப்பர். நகைப்பது முறையே. ஆயினும், நாம் எக்காரணம் பற்றி நகைக்கிறோம் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கிறோமா? சோதிடன் கல்லாதவன், விஞ்ஞானி கற்றவன். ஆதலால் முன்னவன் கணக்குப் பொய், பின்னவன் கணக்கு மெய் என்பதே நம் காரணமாயின், அதனைப் பகுத்தறிவு என்று எவ்வாறு கூறுவது? ஒரு குருவின் காலை விட்டு மற்றொரு குருவின் காலைப் பிடித்ததேயாகும்.

எண்ணும் எண்ணும் பொருந்துவது எப்போது அறிவு, எப்போது மயக்கம்? ஈண்டு ஆராயப் புகும் வினா இதுவே. விடை தேடுவதற்குச் சோதிடனுடைய திண்ணை நமக்குப் போதாது. விஞ்ஞானத்தின் மிக உயர்ந்த மாடத்துக்கே செல்லவேண்டும். அணுவுலகை ஆளும் எண்களையும், விண்ணுலகை ஆளும் ஈர்ப்பு விதியையும் ஒன்றாகப் பிணைக்க முயன்ற பேரறிஞர் சிலரின் வரலாறு, இவ்வினாவைத் தெளிவாகக் காட்ட வல்லது.

இரண்டு கணக்கேடுகள்

இயற்கையைப் பற்றி மனிதனிடம் இன்று இரண்டு பெருங் கணக்கேடுகள் உள்ளன. ஒன்று, அணுவையும், அணுவினும் நுண்ணிய எலெக்ட்ரான், புரோட்டான் முதலிய துகள்களையும் பற்றியது. அதற்குக் குவாண்டம் கொள்கை என்று பெயர். மற்றொன்று, கோள்களையும் விண்மீன்களையும் பிணைத்து நிற்கும் ஈர்ப்பைப் பற்றியது. ஐன்ஸ்டைன் 1915-இல் அளித்த பொதுச் சார்புக் கொள்கை அதுவாகும். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கிறது. ஆனால், இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டிய இடங்களில் கணக்கு முறிந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிய முழுக் கொள்கை இன்றுவரை உறுதிப்படவில்லை.

இவ்வேடுகளுக்கு அடித்தளமாக மூன்று எண்கள் நிற்கின்றன. எங்கு அளந்தாலும், எப்போது அளந்தாலும் ஒரே அளவாய் நிற்பதால் அவற்றை மாறிலிகள் என்பர். முதலாவது ஒளியின் வேகம். நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். இரண்டாவது பிளாங்க் மாறிலி. ஆற்றல் என்பது இடையறாது ஓடும் நீரைப் போலன்றித் துளித் துளியாகவே கொடுக்கப்படுகிறது, கொள்ளப்படுகிறது. அத்துளியின் அளவை வகுப்பது இந்த எண். மூன்றாவது ஈர்ப்பு மாறிலி; இரண்டு பொருள்கள் எவ்வளவு வலிமையோடு ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதைக் கூறுவது. 1798-இல் கேவண்டிஷ் என்னும் ஆங்கில அறிஞர் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு நுண்ணிதாகச் செய்த அளவையிலிருந்து இது பெறப்பட்டது. மூன்றிலும் ஈர்ப்பு மாறிலியே இன்னும் குறைந்த துல்லியத்தோடு அறியப்பட்டிருப்பது. பத்து லட்சத்தில் ஏறத்தாழ 22 பங்கு ஐயம் இன்றும் அதில் எஞ்சியுள்ளது.

1899-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க் ஒன்றைக் கண்டார். இம்மூன்று எண்களையும் தக்கவாறு பெருக்கியும் வகுத்தும் சேர்த்தால், ஒரு நீளமும், ஒரு காலமும், ஓர் எடையும் தாமாகவே பிறக்கின்றன. அந்நீளம் புரோட்டானைக் காட்டிலும் 1-க்குப் பின் 20 சுழி இட்ட மடங்கு சிறியது. அவ்வெடையோ ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கு. ஒரு சிறு தூசியின் எடை. அடியும் முழமும் மீட்டரும் மனிதன் தன் வசதிக்காக ஏற்படுத்தியவை. இவ்வளவுகளோ எந்த அரசனுடைய கையையும் காலையும் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. வேற்றுலகில் அறிவுடைய உயிர் இருந்தால் அதற்கும் இவை பொருந்தும் என்று பிளாங்க் கருதினார்.

இதனைக் கேட்கும் எவருக்கும் ஓர் ஆசை பிறப்பது இயல்பு. மூன்று எண்களும் இவ்வளவு அழகாகச் சேருமாயின், இயற்கையின் எல்லா எண்களையும் ஒரே நூலில் கோத்துவிடலாகாதா என்பதே அவ்வாசை. ஆசை குற்றமன்று. ஆசை வந்தபின் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதில்தான் அறம் இருக்கிறது.

ஒன்றைக் கூட்டிய பெரியவர்

ஆர்தர் எடிங்டன் என்பார் இங்கிலாந்தின் வான சாஸ்திரிகளுள் தலைசிறந்தவராக விளங்கியவர். முதல் உலகப் போரின்போது, கொலைத் தொழிலில் ஈடுபடேன் என்று மனச்சான்றின் பேரில் உறுதியாய் நின்றவர். ஜெர்மானியர் என்றாலே ஆங்கிலர் வெறுத்த அக்காலத்தில், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனுடைய கொள்கையை ஆங்கில நாட்டில் எடுத்து விளக்கியவர். 1919-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஆப்பிரிக்கக் கரையை அடுத்த பிரின்சிப்பித் தீவுக்குச் சென்று, விண்மீன் ஒளி சூரியனருகே வளைவதைப் படம் பிடித்து, அக்கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவரும் அவரே. கல்வியும் துணிவும் நேர்மையும் ஒருங்கே வாய்ந்த அவரே தம் பிற்காலத்தில் எண்ணின் மயக்கத்தில் ஆழ்ந்தார் என்பதால்தான் அவர் வரலாறு நமக்குப் பாடமாகிறது.

பௌதிக சாஸ்திரத்தில் நுண்ணமைப்பு மாறிலி என்று ஓர் எண் உண்டு. எலெக்ட்ரானின் மின்னேற்றம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பெறுவது அது. எந்த அலகில் அளந்தாலும் மாறாத வெறும் எண். அதனைத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய 137 வரும். எடிங்டன் கொண்ட கொள்கை யாதெனின், இத்தகைய எண்களைச் சோதனைச் சாலையில் அளந்தறியவே வேண்டுவதில்லை, மனிதன் உலகை அறியும் முறையைத் தூய சிந்தனையால் ஆராய்ந்தாலே அவை கிடைத்துவிடும் என்பது. 1929-இல் அவர் தம் சிந்தனையால் கண்ட விடை 136. சோதனைச் சாலையின் அளவைகளோ 137-ஐ நெருங்கி நின்றன. எடிங்டன் தம் கொள்கையைக் கைவிட்டாரா? இல்லை. இன்னும் ஒன்று சேர வேண்டும் என்பதற்குப் புதிய காரணம் ஒன்றைக் கண்டு, 137 என்றார். அவர் பெயரின் ஒலியையே திரித்து, 'ஒன்று கூட்டுபவர்' என்று பொருள்படும் கேலிப் பெயரொன்றை ஆங்கிலத்தில் அவருக்குச் சூட்டினர். பின்னர் வந்த அளவைகள் மேலும் நுண்மையாயின. இன்று அவ்வெண் 137.036 என்று அறியப்பட்டுள்ளது. அது 136-உம் அன்று, 137-உம் அன்று, முழு எண்ணே அன்று.

எடிங்டன் இத்துடன் நிற்கவில்லை. 2-ஐ 256 முறை பெருக்கி, வந்ததை 136-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 80 இலக்க எண்ணே பிரபஞ்சத்திலுள்ள புரோட்டான்களின் தொகை என்றார். அவ்வெண்ணின் வர்க்க மூலத்தின் வழியாக, மின்விசைக்கும் ஈர்ப்பு விசைக்கும் உள்ள விகிதத்தையும் பெற முயன்றார். 1944-இல் அவர் காலமானார். அணுவையும் ஈர்ப்பையும் ஒன்றாக்க அவர் எழுதிவந்த நூல் 1946-இல் வெளியாயிற்று. இயற்கையின் பேரேட்டைக் கண்மூடிச் சிந்தித்தே எழுதிவிடலாம் என்ற அவர் நம்பிக்கையைப் பௌதிக அறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஒரு வேடிக்கையும் அதன் விளக்கமும்

எடிங்டனுடைய கணக்குகள் ஓங்கியிருந்த காலத்தில், கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த பெக், பேத்தே, ரீஸ்லர் என்னும் மூன்று இளைஞர்கள் 1931-இல் ஜெர்மனியின் மதிப்புமிக்க விஞ்ஞான இதழொன்றுக்குச் சிறு கட்டுரை ஒன்றை அனுப்பினர். குளிரின் கடைசி எல்லை செல்சியஸ் அளவில் சுழிக்குக் கீழே 273 பாகை. 137-ஐ இரட்டித்து ஒன்றைக் கழித்தால் 273. ஆகவே, குளிரின் எல்லைக்கும் நுண்ணமைப்பு மாறிலிக்கும் உள்ள உறவைக் கண்டுவிட்டோம் என்று, பெரும் பெரும் சொற்களைப் பெய்து எழுதினர். இதழாசிரியரும் அதனை மெய்யென்றே நம்பி வெளியிட்டுவிட்டார். கேலிக்காக எழுதப்பட்டது என்பது தெரிந்தபின், அதனை விளக்கி இதழில் அறிவிப்புப் போட நேர்ந்தது.

இவ்வேடிக்கையில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 137-இன் இருமடங்கில் ஒன்று குறைந்தால் 273 என்பது எவராலும் மறுக்கவொண்ணாதது. பின் பிழை எங்கே இருக்கிறது? 273 என்னும் எண் இயற்கை தந்ததன்று. தண்ணீர் உறையும் நிலையைச் சுழி என்றும், கொதிக்கும் நிலையை 100 என்றும் மனிதன் வைத்துக்கொண்டதால் வந்தது. பாரன்ஹீட் அளவில் அதே குளிர் சுழிக்குக் கீழே 459 பாகையாகிவிடும்; உறவும் மறைந்துவிடும். மேலும், இரட்டிப்பதா, மும்மடங்காக்குவதா, ஒன்றைக் கூட்டுவதா, கழிப்பதா என்பதை விடை தெரிந்தபின் தெரிந்தெடுக்கும் உரிமை ஒருவனுக்கு இருக்குமாயின், எந்த எண்ணையும் எந்த எண்ணோடும் அவன் பொருத்திவிடுவான். பெயரில் ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்லும் எண்சோதிடனும் இவ்வுரிமையைக் கொண்டே பிழைக்கிறான்.

அப்படியாயின், எண் பொருத்தம் எல்லாம் வீண்தானா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அவசரமாகும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பள்ளியாசிரியராக இருந்த பால்மர், ஹைட்ரஜன் ஒளியில் தோன்றும் நான்கு வண்ணக் கோடுகளின் அளவுகளை வைத்துக்கொண்டு, 1885-இல் ஓர் எளிய சூத்திரம் கண்டார். ஏன் அப்படி அமைகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கையில் எடுத்துக்கொள்ளாத வேறு கோடுகளும் அச்சூத்திரத்துக்கே அடங்கின. 28 ஆண்டுகளுக்குப் பின் 1913-இல் நீல்ஸ் போர் அதன் காரணத்தை விளக்கினார். பால்மரின் எண்கள், அவர் பார்த்திராதவற்றையும் சரியாகச் சொல்லின. எடிங்டனின் எண்களோ, பார்த்தவற்றுக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொண்டன. வேறுபாடு ஈண்டுத் தொடங்குகிறது.

தோல்வியுற்ற நேர்மையான ஊகம்

பால் டிராக் என்பார் குவாண்டம் கொள்கையைக் கட்டியவர்களுள் ஒருவர். அவரும் எண்ணின் அழகில் ஈடுபட்டவரே. ஓர் எலெக்ட்ரானுக்கும் ஒரு புரோட்டானுக்கும் இடையே உள்ள மின்விசை, அவற்றினிடையே உள்ள ஈர்ப்பு விசையைப் போல் ஏறக்குறைய 2-க்குப் பின் 39 சுழி இட்ட மடங்கு பெரியது. பிரபஞ்சத்தின் வயதை, ஒளி ஓர் எலெக்ட்ரானின் அளவைக் கடக்கும் சிறு காலத்தால் வகுத்தாலும், அதே 39 சுழிகளை ஒட்டிய எண் வருகிறது. இவ்வளவு பெரிய இரண்டு எண்கள் தற்செயலாக ஒத்திருக்குமோ என்று டிராக் 1937-இல் வினவினார். இவை என்றும் ஒத்தே இருக்குமாயின், பிரபஞ்சத்தின் வயது கூடக் கூட ஈர்ப்பின் வலிமை சிறுகச் சிறுகக் குறைந்துவர வேண்டும் என்றார்.

இவ்வூகம் எடிங்டனுடைய கணக்கைப் போன்றதே என்று தோன்றலாம். ஆனால், ஒரு பெரும் வேற்றுமை உண்டு. டிராக் தம் கருத்தின் கழுத்தை இயற்கையின் கையில் கொடுத்துவிட்டார். ஈர்ப்பு குறைகிறதா, இல்லையா? அளந்து பார்க்கலாம். 1948-இல் எட்வர்டு டெல்லர் ஒரு தடையை எழுப்பினார். ஈர்ப்பு முன்காலத்தில் மிகுந்திருந்தால் சூரியன் மிகக் கடுமையாக எரிந்திருக்கும். பூமியில் உயிர்கள் வாழ்ந்ததற்குப் பாறைகளில் சான்றுள்ள காலத்திலேயே கடல்நீர் கொதிக்கும் நிலைக்கு வந்திருக்கும் என்றார். 1969 முதல் சந்திரனில் வைக்கப்பட்ட கண்ணாடிகளின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சந்திரனின் தூரத்தை ஆண்டுதோறும் அளந்து வருகின்றனர். டிராக்கின் ஊகப்படி ஈர்ப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு குறைய வேண்டும். அளவைகளோ, மாற்றம் இருந்தாலும் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை என்கின்றன.

பொருத்தத்துக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்பதை 1961-இல் ராபர்ட் டிக்கி எடுத்துக்காட்டினார். விண்மீன்கள் எரிந்து, உடலுக்கு வேண்டிய கரி முதலியவற்றைச் சமைத்துத் தந்த பின்னரே உயிர்கள் தோன்ற முடியும். அவ்விண்மீன்கள் எல்லாம் அவிந்துபோகும் முன்னரே அவ்வுயிர்கள் வாழ முடியும். அக்கால அளவை வகுப்பதும் ஈர்ப்பு மாறிலியும் அணு மாறிலிகளுமே. ஆகவே, கேட்பதற்கு ஆள் இருக்கும் காலத்தில் அவ்விரு எண்களும் ஒத்திருப்பது இயல்பு. டிராக் 1984-இல் மறையும்வரை தம் கருத்தை முற்றும் விட்டுவிடவில்லை. எனினும், தோற்கக்கூடிய ஊகம் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். அவர் தோல்வியால் மனிதகுலம் ஈர்ப்பைப் பற்றி மிகுதியாக அறிந்துகொண்டது. நேர்மையான தோல்வியும் ஒரு கொடையே.

தூசி கொண்டு விண்மீனை நிறுத்தவர்

நிற்க. அணுவின் எண்களையும் ஈர்ப்பையும் உண்மையாகவே ஒன்றுசேர்த்து வென்ற ஒருவரை இனிக் காண்போம். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1930-இல், தம் 19-ஆம் வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். செல்லும் வழியிலேயே ஒரு கணக்கைத் தொடங்கினார்.

விண்மீன் எரிபொருள் தீர்ந்தபின் என்ன ஆகிறது? உள்ளே வெப்பம் தாங்கி நிற்கும்வரை அதன் உடல் விரிந்திருக்கிறது. வெப்பம் தணிந்தால் அதன் ஈர்ப்பே அதனை நசுக்கத் தொடங்குகிறது. அப்போது அதனைத் தாங்குவது எலெக்ட்ரான்களின் ஓர் இயல்பு. இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க ஒவ்வா என்பது குவாண்டம் விதி. நெருக்க நெருக்க அவை எதிர்த்துத் தள்ளும். இவ்வாறு தாங்கப்பட்டு நிற்பவையே வெண்குள்ளன் எனப்படும் விண்மீன்கள். ஆனால், விண்மீனின் எடை மிகுந்தால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அதற்கு மேல் வேகம் ஏறமுடியாது. எதிர்க்கும் வலிமையும் ஈர்ப்புக்கு ஈடாக ஏறுவதில்லை. ஆகவே, ஓர் எடைக்கு மேல் வெண்குள்ளன் நிற்கவே முடியாது.

அவ்வெடை எவ்வளவு? பிளாங்க் 1899-இல் கண்ட அந்தத் தூசியின் எடையை நினைவுகூர்க. அதன் மும்மடியை எடுத்துப் புரோட்டான் எடையின் இருமடியால் வகுத்தால், சூரியனைப் போல் ஏறக்குறைய 1.85 மடங்கு வருகிறது. முழுக் கணக்கையும் ஒழுங்காகப் போட்டால், ஏறக்குறைய 1.4 மடங்கு என்று முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத புரோட்டானும், ஆற்றலின் துளியும், ஒளியின் வேகமும், ஈர்ப்பும் கூடி ஒரு விண்மீனின் எல்லையை எழுதிவிட்டன!

இதுவும் எண் பொருத்தந்தானே என்று ஒருவர் தடை கூறலாம். கூறட்டும், அத்தடையை ஆராய்வதே நம் நோக்கம். ஈண்டு எந்த எண்ணும் விடைக்கு ஏற்பத் தெரிந்தெடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் வேறொரு வேலைக்காக, வேறொருவரால், முன்னரே அளக்கப்பட்டது. ஒவ்வொன்றும் கணக்கினுள் நுழைந்த வாயில் இன்னதென்று காட்டமுடியும்; ஒரு விதியின் கைபிடித்தே அது உள்ளே வந்தது. சூரியனைப் போல் மூன்று மடங்கு எடையுள்ள ஒரு வெண்குள்ளனை எவரேனும் வானத்தில் காட்டியிருந்தால், அக்கணக்கின் நிலை தடுமாறியிருக்கும். ஒன்றைக் கூட்டித் தப்பிக்க அதில் இடமில்லை. நன்கு எடையறியப்பட்ட வெண்குள்ளன்கள் அவ்வெல்லைக்கு உட்பட்டே நிற்கின்றன.

சிரிப்பும் மௌனமும்

1935-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள், லண்டனில் ராயல் வான சாஸ்திர சங்கத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அவரை அடுத்து எழுந்தவர் எடிங்டன். அம்முடிவு சரியாயின், பெரிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், ஒளியும் வெளியேற முடியாத நிலையை அடையும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். இன்று நாம் கருந்துளை என்று கூறுவதன் வாயிலில் அவர் நின்றார். ஆனால் உள்ளே நுழைய மறுத்தார். விண்மீன் இவ்வளவு ஒவ்வாத முறையில் நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்கவேண்டும் என்றார். அவையோர் சிரித்தனர்.

எடிங்டன் தவறியதை நாம் பெரிதாக எண்ணவேண்டுவதில்லை. தவறாதவர் யார்? இயற்கை இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில், இப்படி இருப்பது தகுமா என்று கேட்டார், அதுவே குற்றம். தம் நாட்டாரின் வெறுப்பை எதிர்த்து நின்ற அப்பெருமகனாரால், தம் மனத்துக்கு உகந்த அழகை எதிர்த்து நிற்க முடியவில்லை. புறப்பகையை வெல்வதினும் அகத்தின் விருப்பை வெல்வது அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொரு குற்றமும் அங்கு நிகழ்ந்தது. நீல்ஸ் போர், ரோசன்ஃபெல்டு, பவுலி முதலிய பேரறிஞர்கள், எடிங்டன் வாதத்தில் பொருளில்லை என்பதை அறிந்திருந்தனர். சந்திரசேகருக்குத் தனிமுறையில் அதனைத் தெரிவித்தும் இருந்தனர். எனினும், வெளிப்படையாக எழுந்து அதனைச் சொல்ல அவர்கள் முன்வரவில்லை. 1936-இல் பியர்ல்ஸ் போன்ற ஓரிருவர் எழுத்தில் மறுத்ததுண்டு. பெரியவர் சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்கள் அறியாமையால் சிரித்தனர். அறிந்தும் வாளாவிருந்தவர்களின் மௌனத்துக்கு யாது சமாதானம்? மூடநம்பிக்கையை நிலைநிறுத்துவோர் அதனை நம்புவோர் மட்டுமல்லர். நம்பாமலிருந்தும், மரியாதை கருதி வாய்திறவாதோரும் அதற்குத் தூணாகவே நிற்கின்றனர். நம் ஊர்களிலும் வீடுகளிலும் இத்தூண்கள் எத்தனை என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

சந்திரசேகர் யாது செய்தார்? 1937-இல் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார். 1939-இல் தம் ஆராய்ச்சியை நூலாக எழுதி முடித்து, வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனோடு நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, எடிங்டனுடைய நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றி, அவரைத் தம் காலத்து வானவியலாருள் மிகச் சிறந்தவர் என்று பாராட்டியவரும் சந்திரசேகரே. கருத்தை மறுப்பதும் மனிதனை மதிப்பதும் ஒன்றோடொன்று முரணாகா என்பதை வாழ்ந்து காட்டினார்.

நம்மவர் என்னும் மயக்கம்

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சந்திரசேகர் தமிழர், அவரை இகழ்ந்தவர் ஆங்கிலர், ஆதலால் சந்திரசேகர் சொன்னது உண்மை என்று நம்முள் எவரேனும் மகிழ்வாராயின், அவரும் எண்சோதிடன் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறார். அக்கணக்கு உண்மையாவது, அதைப் போட்டவரின் குலத்தாலோ மொழியாலோ அன்று. இதே எல்லையை அவருக்குச் சற்று முன்னரே எஸ்தோனியாவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும், இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் வேறு வழிகளில் நெருங்கியிருந்தனர். சந்திரசேகரே 1931-இல் முதலில் வெளியிட்ட எண் சூரியனின் 0.91 மடங்கு; விண்மீன் எப்பொருளால் ஆனது என்பது பற்றிய அக்கால எண்ணம் திருந்தியபின் அது 1.4 ஆயிற்று. இவற்றை மறைத்துப் புகழ்பாடுவது அவருக்குப் பெருமையன்று. இவையெல்லாம் தெரிந்தபின்னும் அக்கணக்கு நிலைத்து நிற்கிறது என்பதே பெருமை.

ஒன்று கூட்டிய எடிங்டனும் விடையைத் திருத்தினார், 0.91-ஐ 1.4 ஆக்கிய சந்திரசேகரும் திருத்தினார். இரண்டும் ஒன்றன்றோ என்று கேட்பாரும் உளர். அன்று. முன்னவர் விடை பொருந்துவதற்காகக் கணக்கைத் திருத்தினார். பின்னவருடைய கணக்கு அப்படியே நின்றது. அதனுள் இட்ட செய்தியே திருந்தியது. 'விண்மீனின் பொருள் இன்னதாயின் எல்லை இன்னது' என்று முன்னரே அக்கணக்கு கூறியிருந்தது.

இந்த அளவுகோலை நமக்கு உகந்தவற்றின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங், கருந்துளைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு என்று காட்டினார். அவருடைய சூத்திரத்தில் பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி மூன்றும் ஒருங்கே வீற்றிருக்கின்றன. அழகுக்குக் குறைவில்லை, விதிகளின் வழியாகவே வந்தது, அறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்கவும் செய்கின்றனர். எனினும், விண்ணிலுள்ள எந்தக் கருந்துளையிலும் அவ்வெப்பம் இதுவரை அளந்து காணப்படவில்லை. சூரியனையொத்த எடையுள்ள கருந்துளைக்கு அது மிக மிகச் சிறியது. ஆகவே, 'நம்புதற்கு நல்ல காரணம் உண்டு. கண்டறியப்படவில்லை' என்று சொல்வதே நேர்மை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கற்றவனே பகுத்தறிவுடையவன்.

இனி, நாம் தொடங்கிய வினாவுக்கு விடை கூறலாம். ஒருவர் எண்ணோடு எண்ணைப் பொருத்திக் காட்டினால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். விடை தெரிவதற்கு முன்னரே இக்கணக்கின் வழி வகுக்கப்பட்டதா? ஒவ்வோர் எண்ணும் எந்த விதியின் கைபிடித்து உள்ளே வந்தது? எது நிகழ்ந்தால் இக்கணக்குப் பொய் என்று ஒப்புக்கொள்வீர்? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல மறுப்பவர், தெருவோரத்தில் கிளியை வைத்துக்கொண்டிருந்தாலும், கேம்பிரிட்ஜில் பேராசிரியராக அமர்ந்திருந்தாலும், அவர் கூறுவதை ஏற்க நமக்குக் கடமையில்லை. அதற்கு விடை சொல்பவர் 19 வயது மாணவராயினும், அவர் பேச்சைச் சிரிக்காமல் கேட்பது நம் கடமை.

அணுவின் ஏட்டையும் ஈர்ப்பின் ஏட்டையும் ஒன்றாக்கும் பணி இன்னும் முடியவில்லை. அதனை முடிப்பவர் எந்த நாட்டில், எந்தக் குடிலில் பிறப்பார் என்று எவரும் கூறவொண்ணாது. அவர் எழுந்து பேசும் நாளில், அவையின் பின்வரிசையில் நம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கக் கூடும். பெரியவர் ஒருவர் நகைத்தார் என்பதற்காகத் தாமும் நகைக்காமல், அம்மூன்று கேள்விகளையும் எழுந்து கேட்கும் துணிவை, இன்றே நம் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்களுக்குப் பழக்குவோமாக.